செருப்பை உதறும் பக்கம்

நீங்கள் என்னை முதுகுக்குப் பின்னால் ‘அடிக்கோடு மேடம்’ என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். தாராளமாகக் கூப்பிடுங்கள். செங்கல்பட்டு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் என்னிடம் படித்தவர்கள் இதைவிட மோசமான பெயரெல்லாம் வைத்திருந்தார்கள்.

போன மாதம் நான் நம் ஆபீசுக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் தான் சீர்செய்த இணையதளம் ஒன்றைக் காட்டினார். பெயர் சொல்ல மாட்டேன், நல்ல பிள்ளை. பக்கங்களின் நடுவே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போக வைத்திருந்த இணைப்புகளையெல்லாம் பிடுங்கிவிட்டு, மேலே ஒரே மெனுவில் அடுக்கியிருந்தார். “இப்போ எவ்ளோ க்ளீனா இருக்கு பாருங்க மேடம்” என்றார். நான் கத்திவிட்டேன். ஓய்வு பெற்ற ஒருத்தி விருந்தாளியாக வந்த இடத்தில் கத்தக் கூடாது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மனசு கேட்கவில்லை. ஏன் கத்தினேன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டால் என் பாரமும் குறையும், அந்தப் பிள்ளைக்கும் கோபம் தணியும்.

அந்தப் பிள்ளை செய்த அதே வேலையை நானும் செய்திருக்கிறேன். அதனால்தான் அத்தனை கோபம் வந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் டைப்ரைட்டிங் படிக்க ஆள் வருவது நின்றுபோனது. இன்ஸ்டிட்யூட்டைக் கம்ப்யூட்டர் சென்டர் ஆக்கினார்கள். கம்ப்யூட்டர் சென்டர் கொஞ்ச நாளில் இணையதளம் செய்து கொடுக்கும் கம்பெனி ஆனது. வேகமாகத் தட்டத் தெரிந்த ஒரே தகுதியில் நானும் கூடவே மாறிவிட்டேன். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். மின்சார ரயில் வந்து நிற்கும்போது மானிட்டர் லேசாக ஆடும். மாமல்லபுரத்து விடுதிகள், சிற்பக் கூடங்கள், பொத்தேரிப் பக்கம் மாணவர் விடுதி நடத்துகிறவர்கள் என்று எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாம் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருந்தார்கள்.

கம்ப்யூட்டர் வந்தாலும் என் கையில் இருந்தது டைப்ரைட்டிங் புத்திதான். அந்தப் பரீட்சையில் தேவையில்லாத இடத்தில் அடிக்கோடு போட்டால் மார்க் போய்விடும். தலைப்புக்கு மட்டும்தான் கோடு. இணையப் பக்கத்தில் வரிக்கு வரி நீல எழுத்தில் கோடு போட்டு இணைப்புகள் கிடப்பதைப் பார்த்தாலே எனக்கு ஒவ்வாது. யாரோ சிவப்புப் பேனாவுடன் பின்னால் நிற்பது போல் இருக்கும்.

எஸ்தர் எங்களிடம் வந்தது 2003 வாக்கில். திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகையில் அவளும் அவள் தம்பியும் செருப்பு செய்துகொண்டிருந்தார்கள். சாதாரணச் செருப்பு இல்லை. பாதத்தில் உணர்ச்சி போனவர்களுக்கான, மெத்தென்ற தடித்த ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு. சர்க்கரை நோய்க்காரர்கள், தொழுநோய் குணமாகியும் காலில் மரமரப்பு போகாதவர்கள் இவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு காலுக்கும் அளவெடுத்துத் தனித்தனியாகச் செய்ய வேண்டும். தம்பி வெட்டி ஒட்டுவான். எஸ்தர் வார் தைப்பாள், போன் எடுப்பாள்.

அவளுடைய அப்பாவுக்குத் தொழுநோய் வந்து குணமாகியிருந்தது. ஆனால் பாதத்தில் உணர்ச்சி திரும்பவில்லை. செருப்புக்குள் கிடந்த ஒரு சோடா மூடியோடு ஒரு நாள் முழுக்க வயல் வேலை செய்துவிட்டு வந்தவர் அவர். சாயங்காலம் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அந்தப் புண் மூன்று விரல்களைக் கொண்டுபோனது.

தளத்துக்கு என்னென்ன எழுத வேண்டும் என்று கேட்டதற்கு, எஸ்தர் ஒரு ரூல் போட்ட தாளைக் கொண்டுவந்தாள். செருப்பின் வகை, அளவு இதெல்லாம் பின்பக்கம். முன்பக்கம் முழுக்க, கால் மரத்துப் போனவர்கள் காலையில் எழுந்ததும் செய்ய வேண்டிய எட்டு காரியங்கள். செருப்பைப் போடுமுன் தலைகீழாகப் பிடித்து உதறு. உள்ளே கைவிட்டுத் தடவிப் பார். முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார். வெந்நீரில் காலை விடுமுன் முழங்கையை விட்டுப் பார். இப்படி எட்டு.

“இது விளம்பரத்துக்கு ஆகாதே எஸ்தர்” என்றேன். “செருப்பு வாங்குன்னு இதுல ஒரு வார்த்தைகூட இல்லையே.”

“வாங்காதவங்களுக்கும் காலு கீதுல்ல மேடம்?” என்றாள்.

ஆங்கிலத்தில் மாற்றி அப்படியே தட்டிப் போட்டேன். அதன் நடுவே, அவள் சொன்னபடி, மற்றப் பக்கங்களுக்குப் போக அங்கங்கே இணைப்பும் வைத்தேன். மனசில்லாமல்தான் வைத்தேன்.

இரண்டு வருடத்தில் அந்தத் தளம் எங்கள் கம்பெனியின் பெருமை ஆகிவிட்டது. மரத்துப்போன காலுக்குச் செருப்பு என்று யார் தேடினாலும் முடிவுகளின் முதல் பக்கத்தில் எஸ்தரின் கொட்டகை வந்தது. பெங்களூரு, கோவை, ஹைதராபாத் என்று போன் வந்தது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் இங்கே தனியாக இருக்கும் அப்பாவுக்காகக் கூப்பிட்டார்கள். எஸ்தர் நான்கு பெண்களை வேலைக்குச் சேர்த்தாள். அதில் இரண்டு பேர் அவள் செய்த செருப்பைத் தங்கள் காலிலேயே போட்டிருந்தவர்கள். வேறு எங்கே போய் வேலை கேட்டாலும் காலைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள்.

இந்தப் பெருமைக்கு நான்தான் காரணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்புதான் வினை.

2005 மழைக்காலத்துக்குச் சற்று முன்னால், “தளம் பழசா தெரியுது, புதுப்பிச்சுடுங்க மேடம்” என்றார் முதலாளி. எனக்குக் கரும்பு தின்னக் கூலியா? நாற்பது பக்கங்களையும் எடுத்துப் போட்டு வெளுத்துவிட்டேன். உள்ளே கிடந்த இணைப்புகள் அத்தனையும் போயின. எல்லாவற்றையும் மேலே ஒரு மெனுவில் வைத்தேன். மவுஸை வைத்தால் திரை போல் இறங்கும், எடுத்தால் ஏறிக்கொள்ளும். அந்தச் சமயத்தில் அது பெரிய வித்தை. எட்டு காரியப் பக்கத்தைச் சுத்தமாக எடுத்துவிடத்தான் பார்த்தேன். எஸ்தர் வருத்தப்படுவாளே என்று எழுத்தை மட்டும் விட்டுவைத்து, நீலக் கோடுகளைத் துடைத்துவிட்டேன். பக்கம் பளிச்சென்று இருந்தது. டைப்ரைட்டிங் பரீட்சையில் முழு மார்க் வாங்கியிருக்கும்.

நாலைந்து வாரத்தில் எஸ்தர் வந்தாள். கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு. போனில் கூப்பிடுகிறவர்கள் சொல்லும் முதல் வார்த்தைகளை அப்படியே எழுதி வைப்பது அவள் வழக்கம். ‘அப்பாவுக்குக் கால் எரியுதுங்க.’ ‘விரல் எடுத்திருக்காங்க, செருப்பு நிக்க மாட்டேங்குது.’ ‘அளவு எப்படி அனுப்புறது?’ பக்கம் பக்கமாக இப்படி இருந்தது. கடைசிப் பக்கங்களைத் திருப்பிக் காட்டினாள். ஒரு நாளைக்கு ஒரு வரி. பிறகு இரண்டு நாளைக்கு ஒரு வரி. அப்புறம் வெள்ளைத் தாள்.

“இன்னா ஆச்சு மேடம்? போனு ரிப்பேரோன்னு நானே என் செல்லுல இருந்து அடிச்சுப் பாத்தேன். நல்லாத்தான் கீது.”

தேடிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் அவள் இல்லை. இரண்டாவதில் இல்லை. ஐந்தாவதில் கடைசிக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“தேடுபொறிக்காரங்க ஏதோ மாத்தியிருக்காங்க எஸ்தர். எல்லாருக்கும் இப்படித்தான் ஆகியிருக்கு” என்றேன். பொய் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் உண்மையா என்று பார்க்காமல் சொன்னேன். இரண்டும் ஒன்றுதான்.

அவள் உடனே கிளம்பவில்லை. “தம்பிக்கு மறைமலை நகர்ல ஒரு பேக்டரில வேலை வந்துகீது. பொங்கல் முடிஞ்ச திங்கக்கெழம சேரணும். அதுக்குள்ள பழையபடி ஆர்டர் வந்தா நிப்பான். வரலன்னா அவனும் இன்னா பண்ணுவான், ரெண்டு புள்ளைங்க கீது. வெட்டத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான் மேடம். அவன் போயிட்டா கொட்டாய மூட வேண்டியதுதான்.” எழுந்து போகும்போது, “அந்த நாலு பேருக்கு நான் இன்னும் சொல்லல” என்றாள்.

திருக்கழுக்குன்றத்தில் என் வீடு. தினமும் பஸ்ஸில் அந்தக் கொட்டகையைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த வாரம் முழுக்க நான் பஸ்ஸின் மறுபக்க ஜன்னலில் உட்கார்ந்து போனேன்.

இப்போது எங்கள் ஆபீசில் இருந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைக் ‘கைடு’ என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். அந்தப் பெயரே போதும் என்பார். என்னைவிட இரண்டு வயது சின்னவர். பதினைந்து வருடம் மாமல்லபுரத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சுற்றிக் காட்டியவர். நடந்துகொண்டே கற்ற ஆங்கிலமும் பிரெஞ்சும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. முட்டி தேய்ந்துபோய் வெயிலில் நிற்க முடியாமல், விடுதிகளின் தளங்களுக்கு ஆங்கிலம் எழுதித் தர எங்களிடம் வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் எட்டாவதைத் தாண்டவில்லை. எங்கள் கூட்டத்தில் இந்தத் தொழில் உண்மையாகப் புரிந்த ஒரே ஆள் அவர்தான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

நான் ஒரு வாரமாகச் சிடுசிடுவென்று இருப்பதைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே எஸ்தரின் தளத்தைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்.

“மேடம், கொஞ்சம் இப்படி வாங்க. இன்னா பண்ணி வச்சிகிறீங்க?”

“ஏன், என்ன?”

“தேடுபொறிக்காரன் ஒரு ஆள அனுப்புறான்ல, பக்கம் பக்கமா பாத்துகினு வர்றதுக்கு. அந்த ஆளுக்கு மவுஸு கெடையாது மேடம்.”

அவர் ‘ஆள்’ என்றது, தளம் தளமாகப் போய்ப் படித்துக் குறித்துக்கொள்ளும் தேடுபொறியின் நிரலை. பிரவுசரில் மெனுவை ஆட்டிவைக்கும் நிரலை நிறுத்திவிட்டு, அந்த ஆள் பார்ப்பது போல முன்பக்கத்தைத் திறந்தார். என் வித்தை மெனு இருந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது. முன்பக்கத்திலிருந்து எங்கும் போக வழி இல்லை. எந்தப் பக்கத்திலிருந்தும் எந்தப் பக்கத்துக்கும் வழி இல்லை. நாற்பது பக்கங்களும் தனித்தனித் தீவாகக் கிடந்தன.

“எங்க ஊர்ல ஒரு பெரிய போர்டு வச்சிகிறாங்க. எல்லா குகை பேரும் அதுல கீது” என்றார். “ஆனா வேலி போட்டு, டிக்கெட் குடுக்க ஒரே ஒரு கேட்ட மட்டும் வுட்டாங்க. அதுலயிருந்து பின்னால கீற ஒரு குகைக்கு ஒருத்தரும் போறதில்ல. பேரு போர்டுல கீது. போறதுக்கு வழி இல்ல. ஆள் போவாத எடத்த யாரு பெரிய எடம்னு சொல்லுவான்?”

“மெனுவ மாத்திடறேன்” என்றேன், அவசரமாக.

“மாத்துங்க. ஆனா அது பாதிதான். இன்னொன்னு பாருங்க.” நம் தளத்துக்கு வெளியிலிருந்து யார் யார் இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்று அப்போது தேடுபொறியிடமே கேட்கலாம். கேட்டார். டாக்டர்கள் நடத்தும் தளங்கள், நர்சுகளின் சங்கம் ஒன்று, சர்க்கரை நோயாளிகள் எங்கெங்கோ கூடிப் பேசும் தளங்கள் என்று வரிசையாக வந்தது. ஏறக்குறைய எல்லோரும் கைகாட்டியிருந்தது ஒரே பக்கத்தை. எஸ்தரின் எட்டு காரியம்.

நான் தூக்கி எறியப் பார்த்த பக்கம் அது.

“பஸ்ஸு எங்க நிக்குதுன்னு பாக்கணும் மேடம். சனங்க எறங்குற எடம் அதான். நீங்க அழகா வாசல் கட்டுன எடத்துல ஒருத்தரும் எறங்கல. அங்க எறங்குனவங்கள மத்த எடத்துக்குக் கூட்டிகினு போனது அந்த நீலக் கோடுதான். செருப்புப் பக்கத்துக்குப் பேரு வந்ததே அந்த வழியா ஆள் போய்தான். அத போய்த் தொடச்சிட்டீங்களே.”

திட்டவில்லை. வருத்தமாகச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் உறைத்தது.

விஷயத்தை முதலாளியிடம் சொன்னேன். “சரி பண்ணிடுங்க. ஆனா அந்தம்மாகிட்ட நம்ம தப்புன்னு ஒத்துக்காதீங்க. தேடுபொறிக்காரன் மாத்துனான்னு சொன்னீங்கள்ல, அதையே சொல்லிக்கலாம். யார் போய்க் கேக்கப் போறா?” என்றார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. வேலை போனால் இந்த வயதில் டைப்ரைட்டரா தேடிப் போவேன்?

பிள்ளைகளே, வேலையில் உங்கள் புத்தியைச் சோதிக்கும் நேரம் கம்ப்யூட்டர் முன்னால் வராது. இந்த மாதிரி நேரத்தில்தான் வரும். நான் பெரிய நியாயஸ்தி என்பதால் முடிவெடுக்கவில்லை. துடைத்த கோடுகளுக்கு நகல் இல்லை; எந்த வரியில் ஜனங்களுக்கு என்ன கேள்வி வரும் என்பது எஸ்தரின் நோட்டில்தான் இருந்தது. அது இல்லாமல் அந்த வழிகளைத் திரும்பப் போட முடியாது. நோட்டை வாங்க வேண்டுமென்றால் எதற்கு என்று சொல்ல வேண்டும். பொய்யை வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்ய முடியாது என்பது புரிந்ததும் பஸ் ஏறிவிட்டேன்.

கொட்டகையில் எஸ்தர் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரே ஒரு ஜோடிக்கு வார் தைத்துக்கொண்டிருந்தாள். ரப்பர் தேய்க்கும் மோட்டாரைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். தேடுபொறிக்காரன் மாற்றவில்லை, மாற்றியது நான் என்று சொன்னேன்.

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, “அந்தக் கோட்ட எல்லாம் ஏன் மேடம் எடுத்தீங்க?” என்றாள்.

“அசிங்கமா இருந்துச்சு எஸ்தர்.”

கையில் இருந்த செருப்பைத் திருப்பிப் பார்த்தாள். தடித்த ரப்பர், அகலமான வார், பின்னால் ஒரு பட்டை. “இதையும் அப்படித்தான் சொல்வாங்க மேடம். அசிங்கமா கீது, கல்யாணத்துக்குப் போட்டுகினு போவ முடியாதுன்னு. சொல்லிட்டு வழவழன்னு ஒன்ன வாங்கிப் போட்டுகினு வெரல வுடுவாங்க” என்றாள்.

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இத்தனை வருட வேலையில் என்னை இவ்வளவு சரியாக யாரும் அடித்ததில்லை. அடித்ததாக அவளுக்குத் தெரியவும் தெரியாது. நோட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். “சீக்கிரம் பண்ணுங்க” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் குற்ற உணர்ச்சியில் நான் அடுத்த முட்டாள்தனத்தைச் செய்தேன். நாற்பது பக்கங்களின் அடியிலும் நாற்பது பக்கங்களுக்கும் இணைப்பு வைத்தேன். வழி இல்லை என்றுதானே சொன்னார், இந்தா பிடி வழி! கைடு வந்து பார்த்துச் சிரித்துவிட்டார்.

“எங்க ஊரு பஸ் ஸ்டாண்டுல எறங்குனதும் நாப்பது பேரு சுத்திக்குவானுங்க மேடம். ரூமு, ஆட்டோ, கல்லு செல, படகு. வெள்ளக்காரன் யாரு பின்னாலயும் போவ மாட்டான், பேஜாராயி அப்படியே நிப்பான். எல்லாத்தையும் பெருசுன்னு காட்டுனா தேடுபொறிக்காரனுக்கும் எது பெருசுன்னு தெரியாது. கைடு வேலைல ஒரு பழக்கம் கீது. ஒரு எடத்தப் பத்திப் பேசி முடிக்கிறப்பவே, அடுத்த எடத்தப் பாத்து ஒடம்பத் திருப்பிடணும். கேக்குறவன் தானா திரும்பிடுவான். ஒரு எடத்துலயிருந்து ஒன்னு, மிஞ்சிப் போனா ரெண்டு. அவ்ளோதான்.”

அப்படித்தான் செய்தோம். இரண்டு பேரும் எஸ்தரின் நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தோம். இதைப் படிக்கிறவருக்கு எந்த வரியில் என்ன கேள்வி வரும்? எட்டு காரியத்தில் உள்ளங்காலைப் பார் என்கிற வரியைப் படித்து, புண்ணைக் கண்டவர் என்ன கேட்பார்? அங்கே புண் இருந்தால் என்ன செய்வது என்ற பக்கத்துக்கு ஒரு வழி. உதறு என்ற வரியில், உள்ளே முள் ஏறாத அடிப்பாகம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு வழி. அந்தப் பக்கம் முடிகிற இடத்தில், வீட்டிலேயே காகிதத்தில் பாதத்தை வரைந்து அனுப்புவது எப்படி என்று ஒரு வழி. இணைப்பில் ‘இங்கே சொடுக்கவும்’ என்று எங்கேயும் எழுத விடமாட்டேன் என்றார் கைடு. “இங்க வா இங்க வான்னா எங்கன்னு கேக்க மாட்டானா?” அதனால் போகிற பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதையே, நோட்டில் ஜனங்கள் சொன்ன வார்த்தைகளில், இணைப்பாக எழுதினோம். அளவு அனுப்பும் பக்கத்துக்கு எத்தனை இடத்திலிருந்து கேள்வி வருகிறது என்று எண்ணிப் பார்த்தால், தளத்திலேயே முக்கியமான பக்கம் அதுதான் என்று தெரிந்தது. நான் அதை மெனுவில் கடைசிக்குக் கடைசியாகப் போட்டிருந்தேன்.

வேலை முடிந்தது. இனி காத்திருக்க வேண்டும். இன்றைக்கு மாற்றினால் நாளைக்குத் தெரிகிற காலம் இல்லை அது. தேடுபொறியின் ஆள் திரும்ப வந்து பார்க்கவே வாரக்கணக்கில் ஆகும். முதலாளி தினமும் வந்து, “வேற ஏதாவது மாத்திப் பாக்கலாமா மேடம்?” என்பார். எனக்கும் கை அரித்தது. கைடு என் நாற்காலிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். “தொடாதீங்க. அவன் பாதி வழில வர்றப்ப வழிய மாத்தாதீங்க” என்றார். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பொங்கல் வந்தது, போனது. வெள்ளிக்கிழமை மத்தியானம் தேடிப் பார்த்தேன். மூன்றாவது பக்கத்துக்கு ஏறியிருந்தாள். போதாது. திங்கட்கிழமை தம்பி வேலையில் சேர வேண்டும். அதற்குள் ஆகாது என்பதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடலாம் என்று கொட்டகைக்குப் போனேன். நான்கு பெண்களும் வெறுமனே ரப்பர் துண்டுகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் அன்று காலைதான் சொல்லியிருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. தம்பி தன் கத்திகளை எண்ணெய் தடவித் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான்.

நான் வாயைத் திறக்குமுன் போன் அடித்தது.

“சொல்லுங்க... எந்தப் பக்கத்த பாத்துட்டு கூப்புடுறீங்க?” எல்லோரிடமும் அவள் கேட்கும் முதல் கேள்வி அது. “செருப்ப உதறுறதா? ஆமா, அது நான் எழுதுனதுதான்... உதறுறப்ப இன்னா வுழுந்துச்சு? ...ஆணியா?”

கொட்டகையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

“சிஸ்டர், பதறாதீங்க. அப்பாவோட எந்தக் காலு? கண்ணாடி வச்சிப் பாத்தீங்களா? ...ரத்தம் இல்லியா? நல்லா பாத்தீங்களா? ...கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.” மூச்சு விட்டாள். “இல்ல, செருப்பு அப்புறம். மொதல்ல இன்னிக்கே டாக்டரு கிட்ட காட்டிடுங்க... காலு வரஞ்சி வச்சிட்டீங்களா? அந்தப் பக்கத்தையும் பாத்துட்டீங்களா?”

நோட்டை இழுத்து, வெள்ளைத் தாளில் எழுத ஆரம்பித்தாள். அவள் போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது தம்பி கத்திகளைச் சுற்றிய துணியைப் பிரித்துக்கொண்டிருந்தான். “அக்கா, அந்தப் பேப்பர் எப்ப வரும்?” என்றான். “திங்கக்கெழம வந்துடுமா?”

அந்த ஒரே ஒரு போனை மட்டும் நம்பி அவன் நின்றுவிடவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு வந்தன. மூன்று பேருமே முன்பக்கத்தைப் பார்த்ததில்லை. அதை எஸ்தர் நோட்டில் எழுதி எனக்குக் காட்டினாள். தம்பி பேக்டரிக்குப் போகவே இல்லை. முதல் பக்கத்துக்கு நாங்கள் திரும்ப ஏற மாசி பிறந்துவிட்டது. அதற்குள் கொட்டகையில் அதைப் பற்றி யாரும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள், அவர்களுக்கு நேரம் இல்லை. அதன் பிறகு வீட்டுக்குத் திரும்பும்போதெல்லாம் நான் பஸ்ஸில் கொட்டகைப் பக்க ஜன்னலில் உட்கார்ந்தேன்.

கைடு இப்போது இல்லை. எஸ்தர் இருக்கிறாள், கொட்டகை இரண்டாகியிருக்கிறது. போன வருடம் எனக்கும் சர்க்கரை என்றார்கள். உள்ளங்காலில் டாக்டர் ஏதோ நூலை வைத்து அழுத்தி, “தெரியுதா? இப்போ தெரியுதா?” என்று கேட்டார். எனக்கு எதுவும் தெரியவில்லை. எஸ்தரின் நம்பர் மனப்பாடமாக இருந்தும், வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எல்லோரையும் போலத் தேடினேன். உதறும் பக்கம் வந்தது. அதன் நடுவே ஒரு நீலக் கோடு. அதைத் தொட்டேன். அடுத்த பக்கத்தின் முடிவில் இன்னொரு கோடு. நானும் அவரும் போட்ட வழியிலேயே நடந்து, காகிதத்தை விரித்து என் பாதத்தை வரைந்துவிட்டுப் போன் செய்தேன்.

“எந்தப் பக்கத்த பாத்துட்டு கூப்புடுறீங்க?” என்றாள், என் குரல் தெரியாமல்.

அந்தச் செருப்பு பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. கல்யாணத்துக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன். தினமும் காலையில் தலைகீழாகப் பிடித்து உதறிவிட்டுத்தான் காலை நுழைக்கிறேன். நேற்று உதறியபோது உள்ளேயிருந்து ஒரு புளியங்கொட்டை விழுந்தது. முந்தின நாள் சாயங்காலம் அதன் மேல்தான் நடந்து கோயிலுக்குப் போய் வந்திருக்கிறேன்.